டைப்பிங் சென்டரை லினக்ஸுக்கு மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். விழுப்புரம் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ் எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, மெஷினில் ஆரம்பித்து, அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தவள். கடையில் இரண்டு சிஸ்டம், இரண்டிலும் விண்டோஸ் 10. ஒன்று ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி. இன்னொன்று ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி. ஆதரவு முடிந்துவிட்டது என்று ஸ்கிரீனில் வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் பண்ணும் தம்பி இரண்டையும் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டால் காசே வேண்டாம் என்று சொல்லி, லீவில் வந்தபோது ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான தன் பழைய எஸ்எஸ்டி ஒன்றை ஐ5-இல் மாட்டிப் போட்டுக் காட்டினான். வேகமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைத் திறந்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக வந்தது, கேனான் 2900 பிரிண்டரும் எடுக்கவில்லை. ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே என்று அவனைத் திட்டிவிட்டேன். அவனும் பழைய ஹார்ட் டிஸ்கையே மாட்டிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். எனக்கு 47 வயது. இனிமேல் இதெல்லாம் கற்றுக்கொள்ள முடியுமா? மாறலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: ஒரே வார்த்தை என்றால், பாதி. இரண்டு சிஸ்டத்தில் ஒன்றை மாற்றுங்கள், மற்றதை விண்டோஸிலேயே விட்டுவிட்டு அதன் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது, அது விண்டோஸும் இல்லை லினக்ஸும் இல்லை, நீங்கள் டைப் அடிக்கும் ஃபான்ட். உங்கள் கடிதத்திலேயே சிக்கல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, உங்கள் பையன் வயதுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் அந்த ஆதரவு முடிந்த கதையைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் இதை வைத்துத்தான் ஊரெல்லாம் புதுக் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, ஃபைல் எதுவும் போகாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி தானாக வராது, அவ்வளவுதான். அதுவும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் காசு கட்ட வேண்டியதில்லை, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். உங்கள் விண்டோஸ் ஒரிஜினலா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் பாதிக் கடைக்காரர்கள் கடிதம் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். காசு கட்டாமல் விண்டோஸைத் திறந்துவிடும் ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டுகிற விண்டோஸாக இருந்தால் மட்டும், ஆதரவு முடிந்ததைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் அந்த ஆக்டிவேட்டரோடு சேர்ந்து உள்ளே எது வந்தது என்று கவலைப்படுங்கள்.

விண்டோஸ் 11 உங்கள் இரண்டு சிஸ்டத்துக்கும் சரிப்படாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்பவர்கள் உண்டு, ஏறவும் ஏறும். ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்டே உத்தரவாதம் தராது. பத்திரம் அடிக்கிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அப்புறம் வேகம். லினக்ஸ் வேகமாக இருந்தது என்கிறீர்கள், சரி, ஆனால் அன்றைக்கு மாறியது இரண்டு விஷயம். ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது, விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தது. பெருமையில் பெரும் பங்கு எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும். அதே ஐ5-இல் எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் 10-ஐயே போட்டிருந்தாலும் நீங்கள் அசந்துதான் போயிருப்பீர்கள். ஹார்ட் டிஸ்கோடு ஓடும் பழைய சிஸ்டத்தை 'ஸ்லோ ஆகிடுச்சு, தூக்கிப் போடுங்க' என்று சொல்பவர் ஒன்று சோம்பேறியாக இருப்பார், இல்லையென்றால் விற்பனைக்காரராக இருப்பார். ஆகையால் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இரண்டு சிஸ்டத்துக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள், ஐ3-க்கு இன்னொரு 4 ஜிபி ராம் சேருங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் அது ஒரு சின்னப் பங்கு.

இப்போது ஃபான்டுக்கு வருகிறேன். அன்றைக்கு உங்கள் கிரயப் பத்திரம் கெட்டுப்போகவில்லை. நன்றாகத்தான் திறந்தது. அதில் உண்மையில் இருப்பதே அந்த இங்கிலீஷ் எழுத்துதான்! நீங்கள் அடிப்பது பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்டாகத்தான் இருக்க வேண்டும். பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். பாமினி என்ற ஃபான்ட் அதன் மேல் ஒரு தமிழ் முகமூடியை மாட்டிவிடுகிறது, உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. புதிதாகப் போட்ட லினக்ஸில் அந்த ஃபான்ட் இல்லை, முகமூடி கழன்று விழுந்துவிட்டது. பாமினி ஃபான்ட் ஃபைலைப் பழைய சிஸ்டத்திலிருந்து காப்பி பண்ணி லினக்ஸில் நிறுவியிருந்தால் அந்தப் பத்திரம் அடுத்த நிமிஷமே தமிழில் தெரிந்திருக்கும். வானவில் போன்ற மற்றப் பழைய தமிழ் ஃபான்ட்களுக்கும் படிக்கிற வரைக்கும் இதே கதைதான், ஆனால் டைப் அடிக்க அதோடு வரும் கீபோர்டு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, அதனால் அங்கே அடிக்கத் திண்டாடுவீர்கள்.

அப்படியானால் பாமினியைப் போட்டுக்கொண்டு லினக்ஸிலேயே வண்டியை ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓட்டலாம், ஆனால் முதல் நாளே ஒரு வேடிக்கை நடக்கும். வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியை நீங்கள் என்றோ அணைத்து வைத்திருப்பீர்கள், அணைத்ததே மறந்துபோயிருக்கும். லினக்ஸோடு வரும், வேர்டு மாதிரியான லிப்ரே ஆபீஸில் அது மறுபடி உயிரோடு இருக்கும். சின்ன ஜே பாமினியில் 'த', பெரிய ஜே 'து'. நீங்கள் தமிழ்நாடு என்று அடிப்பீர்கள், அது துமிழ்நாடு என்று திருத்தும். மனைவி முனைவி ஆவாள், கடன் குடன் ஆகும். கருவிகள் மெனுவில் தானியங்கித் திருத்தத்துக்குள் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. முகமூடி இல்லாமல் தமிழைத் தமிழாகவே ஃபைலில் பதியும் பொது முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது, இன்டர்நெட்டில் நீங்கள் நிரப்பும் எந்த விண்ணப்பமும் பாமினியை ஏற்காது, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பும் தமிழும் யூனிகோடுதான். அதை இப்போது நீங்கள் பார்த்துப் பார்த்து மறுபடி டைப் அடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வேலை முழுக்க வீண் வேலை.

அதனால் என் யோசனை, லினக்ஸை இப்போதைக்கு மறந்துவிட்டு, விண்டோஸிலேயே யூனிகோடுக்கு மாறுங்கள். என்எச்எம் ரைட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் தமிழ்99, பழைய டைப்ரைட்டர், பாமினி என்று எல்லா விசை அமைப்பும் உண்டு. நீங்கள் பாமினி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் விரல்கள் பழகியபடியே ஓடும், ஃபைலில் மட்டும் யூனிகோடு விழும். அங்கே கை பழகியபின் டைப்ரைட்டர் அமைப்புக்கு வாருங்கள், ஏனென்றால் லினக்ஸில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் எல்லாம் வரும், பாமினி வராது. நீங்கள் மெஷினில் ஹையர் அடித்தவர், உங்களுக்கு இது புதுசு இல்லை, பழசுக்குத் திரும்புவது. நாலைந்து சாவிகளில் கை தடுமாறும், கொம்பும் கொக்கியும் வரும் சொற்களில் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கும். 'கௌரவம்', 'பொதுமக்கள்', 'ஸ்ரீ' இந்த மூன்றையும் முதலில் அடித்துப் பாருங்கள், அதில் பிடிபட்டால் மற்றது தானாக வரும்.

பழைய ஃபைல்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் மாற்ற நினைத்தால் கடையை மூட வேண்டியதுதான், நினைக்காதீர்கள். நீங்கள் அன்றாடம் திறப்பது எத்தனை? கிரயம், செட்டில்மென்ட், வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று மனு, பிரமாணப் பத்திரம், இன்னும் கொஞ்சம். இந்த மாதிரிப் படிவங்களை மட்டும் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மீதியை, விண்டோஸில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, முக்கியமானவற்றை மட்டும் பிடிஎஃப் ஆக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பிடிஎஃப் தன்னோடு ஃபான்டையும் சுமந்து வரும், எந்த சிஸ்டத்திலும் தமிழாகவே திறக்கும், திருத்த முடியாது என்பதுதான் குறை. யாராவது பத்து வருஷம் கழித்து வந்து நகல் கேட்டால் அது போதும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை, இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் பாமினி உரையை ஒட்டினால் நொடியில் யூனிகோடு வந்துவிடும். ஆனால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது, ஒட்டும்போது ஃபான்ட் விவரம் போய்விடுகிறது. பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் 'இ'. ஆகவே டைம்ஸ் நியூ ரோமனில் நீங்கள் அழகாக அடித்து வைத்த ரூ.3,50,000 மாறி வரும்போது ரூ.3இ50இ000 என்று நிற்கும். சர்வே எண் 112/4ஏ என்று ஆங்கில ஏ போட்டிருந்தால் அந்த ஏ 'யு' ஆகிவிடும். கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு மாறினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொத்து விவரப் பகுதியை மாற்றியில் போடாதீர்கள், கையால் அடியுங்கள். அதோடு, வாடிக்கையாளரின் பெயர், ஆதார் எண், விலாசம் இருக்கும் பத்திரத்தை அப்படியே எடுத்து ஏதோ ஒரு இணையதளத்தின் பெட்டியில் ஒட்டுவதும் தப்பு. பெயர் நிரப்பாத மாதிரிப் படிவத்தை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் இன்டர்நெட் இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

இந்தப் பழைய ஃபைல் விவகாரம் உங்கள் கடைக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்தது, ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றி முடிக்க 2013 ஆகிவிட்டது. அங்கேயும் பெரிய வேலை லினக்ஸ் போடுவது இல்லை, ஒவ்வொரு துறையும் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த படிவங்களும், அவற்றில் வேலையைத் தானாகச் செய்ய எழுதி வைத்த மேக்ரோக்களும்தான். அதைச் சமாளிக்கவே வோல்மக்ஸ் என்று தனியாக ஒரு மென்பொருள் எழுதினார்கள். 2017-இல் நகர மன்றம் திரும்ப விண்டோஸுக்கே போகலாம் என்று வாக்களித்தது, அதில் அரசியலும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே லினக்ஸ் கேரளாவின் அரசுப் பள்ளிகளில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, முன்பு ஐடி அட் ஸ்கூல், இப்போது கைட் என்ற அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே பிள்ளைகள் முதலில் தொட்டதே லினக்ஸ், தூக்கிச் சுமக்கப் பழைய ஃபைல் எதுவும் இல்லை, சொல்லிக்கொடுக்க வாத்தியாருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊரில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள், சி-டாக் உருவாக்கியது. சர்வீஸுக்கு வந்த லேப்டாப்புகளில் அந்தப் பக்கம் திறந்து பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் வால்பேப்பர்கூட மாறியிருக்காது.

பிரிண்டருக்கு வருவோம். கேனான் எல்பிபி 2900 நம் ஊரில் தாலுகா ஆபீஸ், கோர்ட், ஜெராக்ஸ் கடை எங்கே போனாலும் இருக்கும், கல் மாதிரி உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது கேப்ட் என்ற கேனானின் சொந்த முறையில் பேசுகிறது, எல்லா பிரிண்டருக்கும் பொதுவான மொழி அதற்குத் தெரியாது. லினக்ஸுக்கு டிரைவர் உண்டு, பழசு, நிறுவுவது தலைவலி, நிறுவினாலும் பிரிண்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் மறந்துவிடும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், அந்த பிரிண்டரை விண்டோஸ் சிஸ்டத்திலேயே விடுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் வேலை உண்டு, எச்பியின் எச்பிலிப் தொகுப்போடு ஒரு கூடுதல் பிளக்இன் இறக்க வேண்டும், ஆனால் அது ஒருமுறை செய்தால் தீரும். வைஃபையோடு வரும் இப்போதைய இங்க் டேங்க், லேசர் பிரிண்டர்களில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் டிரைவரே இல்லாமல் லினக்ஸ் கண்டுபிடித்துக்கொள்ளும். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்குங்கள்.

பேஜ்மேக்கர், போட்டோஷாப், கோரல்டிரா இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கல்யாணப் பத்திரிகை வேலை வருகிறதென்றால் அதுவும் விண்டோஸ் சிஸ்டத்தில்தான். லினக்ஸில் இந்த மாதிரி வேலைக்கு இருக்கும் ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் எல்லாம் நல்ல மென்பொருள், யூனிகோடு தமிழும் ஒழுங்காக வரும், ஆனால் சீசனில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

ஆக, கடையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐ3 விண்டோஸ், உள்பக்க மேஜையில், இன்டர்நெட் இல்லாமல், கேனான் பிரிண்டரோடும் பழைய ஃபான்ட்களோடும். ஐ5 லினக்ஸ் மின்ட், முன்பக்கம், இன்டர்நெட்டோடு. ஆன்லைன் விண்ணப்பம், வாட்ஸ்அப் வெப், மெயில், போட்டோவைச் சில கேபிக்குள் சுருக்குவது, யூனிகோடில் புதுப் படிவங்கள், எல்லாம் முன்னால். பிரிண்ட் எடுக்க வேண்டியதை முன்னால் பிடிஎஃப் ஆக்கிப் பின்னால் கொண்டுபோங்கள், அதற்கென்று ஒரு பென் டிரைவை ஒதுக்கி வையுங்கள், அதை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முன்பக்கத்துக்கு லினக்ஸைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, உங்கள் தொழிலுக்கு இதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. ஜெராக்ஸ் கடை என்பது ஊர் பென் டிரைவ் எல்லாம் வந்து போகும் இடம். ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் வாங்கிப் போகிறார். பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகி நிற்கும், வாடிக்கையாளர் 'ஐயோ என் சர்டிபிகேட் எல்லாம் போச்சே' என்பார், பார்த்திருப்பீர்கள். அந்த ஷார்ட்கட் வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது. விண்டோஸில் மறைந்துபோயிருக்கும் உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் அங்கே வெளிப்படையாகவே தெரியும், அதிலிருந்து ஃபைலை எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம். வெளியிலிருந்து வரும் பென் டிரைவ் எதுவும் உள்பக்க மேஜைக்குப் போகவே கூடாது என்று மட்டும் சட்டம் போட்டுவிடுங்கள், வேலைக்கு ஒரு பெண் இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரே சிஸ்டத்தில் இரண்டையும் போட்டு, தேவைக்குத் தகுந்தபடி மாற்றி மாற்றித் திறக்கலாமே என்று உங்கள் பையன் சொல்லலாம். மாணவருக்குச் சரி, கடைக்கு வேண்டாம். லினக்ஸ் கம்ப்யூட்டரின் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், மாறித் திறக்கும்போது விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். விண்டோஸை முழுசாக அணைக்காமல் விட்டால் லினக்ஸ் அந்த டிஸ்கில் எழுத மறுக்கும். இதற்கெல்லாம் மருந்து உண்டு, ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது உங்களுக்கு மருந்து தேட நேரம் இருக்காது. சிஸ்டம் மாறுவதற்கு ரீஸ்டார்ட் பண்ணிக் காத்திருப்பதே ஒரு கொடுமை.

லிப்ரே ஆபீஸில் இன்னொன்று கவனிக்க வேண்டும். முத்திரைத்தாளில் முதல் பக்கம் மேல் பாதியை விட்டுவிட்டுக் கீழே அடிப்பீர்கள், வாங்கி வந்த தாள்களுக்குள் பத்திரம் முடிந்தாக வேண்டும். விண்டோஸில் லதா, நிர்மலா போன்ற ஃபான்ட்டில் அடித்த ஃபைலை லினக்ஸில் திறந்தால் அந்த ஃபான்ட் அங்கே இருக்காது, அது வேறொரு தமிழ் ஃபான்டை எடுத்துக்கொள்ளும், எழுத்தின் அகலம் மாறும், வரிகள் மடங்கும் இடம் மாறும், கடைசியில் சாட்சிகள் கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த தாளுக்கு ஓடிவிடும். இதற்கு வழி, இரண்டு சிஸ்டத்திலும் ஒரே இலவச யூனிகோடு ஃபான்ட்டைப் போட்டுவிடுவது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் மருதம் இருக்கிறது, நோட்டோ வகை இருக்கிறது, பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாப் படிவத்தையும் அதிலேயே வையுங்கள். அப்படிச் செய்தாலும் முத்திரைத்தாளில் போகும் எதையும் வேர்டு ஃபைலாக ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள், பிடிஎஃப் மட்டும்.

47 வயதில் முடியுமா என்று கேட்டீர்கள். மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தீர்களே, அதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. லினக்ஸ் மின்ட்டில் கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, பிரௌசர் அதே குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் வேலை உங்களுக்கு வராது. வந்தால் அது உங்கள் பையன் வேலை. நீங்கள் யோசிக்க வேண்டியது அவன் ஹாஸ்டலில் இருக்கும் திங்கட்கிழமை காலையை. அன்றைக்கு பிரௌசர் திறக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உங்கள் சர்வீஸ் தம்பிக்கு லினக்ஸ் தெரியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தெரியாது என்றால் உங்கள் பையன் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்டை அமைத்து, சிஸ்டம் கெட்டால் முந்தைய நாள் நிலைக்குத் திரும்புவது எப்படி என்று உங்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வைக்கட்டும். அது சிஸ்டத்தை மட்டும்தான் திருப்பும், உங்கள் ஃபைல்களுக்குத் தனியாக பேக்கப் வேண்டும். செய்முறையை ஒரு தாளில் தமிழில் அடித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பையனைத் திட்டியது பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் அவன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கிறான், பழைய டிஸ்கைத் தொடாமல் வேறு டிஸ்கில் போட்டுக் காட்டியிருக்கிறான். அனுபவமுள்ள ஆட்களே பல பேர் அப்படிச் செய்வதில்லை, ஃபார்மட் அடித்துவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பார்கள். இந்த முறையும் அதே வழிதான்: புது எஸ்எஸ்டியில் லினக்ஸ், பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தேதி எழுதி பீரோவில் வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம். யூனிகோடு கைக்கு வந்தபின் அடுத்த லீவில் அவனைக் கூப்பிடுங்கள், முகூர்த்த நாள் நெருக்கத்திலும் மாணவர் சேர்க்கை நேரத்திலும் வேண்டாம். எஸ்எஸ்டி வாங்கும்போது சாட்டா, 2.5 இன்ச் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பலகை மாதிரி மெலிசாக இருக்கும் என்விஎம்இ வகையைக் கடைக்காரர் வேகம் என்று சொல்லி நீட்டுவார், உங்கள் இரண்டு போர்டிலும் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது.